சாவியைக் கேட்காத ஒயர்

ராத்திரி ஓரங்கட்டிய லாரி
விடிந்ததும் எழுந்திருக்கவில்லை.
கிருஷ்ணகிரி மேம்பாலத்துக்கு இந்தப் பக்கம்,
பின்னால் இருநூறு கிரேடு ராயக்கோட்டைத் தக்காளி,
முன்னால் தீர்த்தகிரி,
சாவியைத் திருகித் திருகி
‘டக்’ என்கிற ஒரே பதிலைக் கேட்டுக்கொண்டு.

பேட்டரிப் பெட்டியைத் திறந்தேன்.
பன்னிரண்டும் பன்னிரண்டும் இருபத்து நாலு.
சோடி மாடு மாதிரி ஒரே பட்டையில் பூட்டியவை.
ஒன்றின் தலையில் பச்சையும் வெள்ளையுமாக உப்புப் பூத்திருக்கிறது.
இன்னொன்று கொதித்துக் கொதித்துத் தண்ணீர் வற்றிவிட்டது.
இரண்டுக்கும் நடுவிலிருந்து கிளம்புகிறது ஒரு சிவப்பு ஒயர்,
காயத்துக்கு ஒட்டுகிற பிளாஸ்திரி சுற்றி.

“யார் இழுத்தது இத?”
“வாணியம்பாடில ஒரு பையன்.”
“ஃபியூஸ் எங்க?”
தீர்த்தகிரி சிரித்தார்.
ஃபியூஸ் இருக்கவேண்டிய இடத்தில்
மடித்துச் செருகிய சிகரெட் காகிதம்,
வெள்ளிப் பக்கம் வெளியே.

என்னென்ன மாட்டியிருக்கீங்க, சொல்லுங்க.
பாட்டு செட். ஃபேன். செல் சார்ஜர்.
பம்பரில் நாலு லைட்டு.
முனியப்பன் படத்துக்கு ஓடுகிற சீரியல் பல்பு.
“அவ்வளவுதான்.”

அவ்வளவையும் அணைத்தேன்.
சாவியை என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு
மீட்டரை ஒயரில் கவ்வ வைத்தேன்.
மூன்று புள்ளி எட்டு.
தூங்குகிற வண்டிக்குள் யாரோ விழித்திருக்கிறார்கள்.

ஒயரைப் பிடித்துக்கொண்டே போனேன்,
சீட்டுக்கு அடியில், ரப்பர் விரிப்புக்கு அடியில்,
படுக்கைத் திரைக்குப் பின்னால்.
தலையணை அளவில் ஒரு நீலப் பெட்டி
மெல்ல முனகிக்கொண்டிருந்தது.
“தண்ணி ஜில்லுனு இருக்கட்டும்னு...”
திறந்தேன். தண்ணீர் இல்லை.
இன்சுலின் குப்பி இரண்டு, நாலு ஊசி,
பொட்டலத்தில் கொஞ்சம் வெல்லம்.

பெங்களூர் பஸ் ஒன்று பாலத்தை உலுக்கிப் போனது.
அது போகட்டும் என்று இருந்துவிட்டுச் சொன்னார்:
“மூணு வருஷமாச்சு, முனிராஜு.
சம்பங்கிக்குத் தெரிஞ்சா
நாளைக்கே வேற ஆள ஏத்திருவாரு.”

சேலம் லோடும் இவருக்குத்தான்.
தொப்பூர் இறக்கம் ஞாபகம் வந்தது.
அதைச் சொல்லாமல் இதைக் கேட்டேன்:
“ஸ்டியரிங்ல இருக்கும்போது கண்ணு இருட்டுமா?”
“இருட்டறதுக்கு முந்தியே கை நடுங்கும்.
வெல்லம் பின்ன எதுக்கு?”
பதில் போதவில்லை எனக்கு.
ஆனாலும் கட்டிங் பிளேயரை எடுத்தேன்.

நடு ஒயரை வெட்டி எறிந்தேன்.
உடைசல் வண்டியில் கழற்றிய கன்வெர்ட்டர் ஒன்று கடையில் கிடந்தது,
இருபத்து நாலை வாங்கிப் பன்னிரண்டாகத் தருவது.
இனி சோடியில் இரண்டுக்கும் ஒரே இழுப்பு.
ஃபேன், பாட்டு, லைட்டு எல்லாம் ரிலே வழியாக.
சாவியை எடுத்தால் எல்லாரும் படுத்துவிட வேண்டும்,
முனியப்பன் உட்பட.
எர்த்துக்காகச் சேஸிஸில் பெயிண்டைச் சுரண்டினேன்
இரும்பு பல்லைக் காட்டும்வரை.

நீலப் பெட்டிக்கு மட்டும் தனி ஒயர்.
சாவியைக் கேட்காது.
ராத்திரி முழுக்க ஓடினாலும் காலையில் வண்டி எழும்.
பேட்டரியிலிருந்து ஒரு சாண் தள்ளி ஃபியூஸ் வைத்தேன்.
“எவ்வளவு?”
“ஏழரை.”
“ஏழரையா! வேற நம்பரே இல்லையா உன்கிட்ட?”
“இருபது இருக்கு.
மொதல்ல ஒயர் எரியும், அப்புறம் ஃபியூஸ் போகும்.”
கொஞ்சம் யோசித்தார்.
“சரி, ஏழரையே இருக்கட்டும். கூடவே வரட்டும்.”

கடை பேட்டரி இரண்டைத் தூக்கிவந்து ஜம்பர் கொடுத்தேன்.
இருமி, புகை கக்கி, எழுந்துகொண்டது.
தக்காளிச் சாறு பின்பலகை வழியாகச் சொட்டத் தொடங்கியிருந்தது.

“பில்லு வேணும். மொதலாளி கேப்பாரு.”
கார்பன் தாளைச் சரிசெய்து எழுதினேன்:
ஹாரன் ரிப்பேர், ஆயிரத்து நானூற்று ஐம்பது.
வாசித்தார். மடித்தார்.
மேல்பையில் வைத்தார்.

சென்னை ரோட்டில் திரும்பும்போது
ஹாரனை ஒருமுறை நீளமாக அடித்தார்.
அதற்கென்ன,
அது எப்போதும் நன்றாகத்தான் இருந்தது.